பட்டயமும் புழக்கமும்: திருவனந்தபுரம் நகர நிலம் குறித்த வரலாற்று நோக்கு

உலகமயமாக்கல் காலத்து நகர நிலப் பூசல்களை ஆராய்வோர் பெரும்பாலும் மும்பையின் மூடப்பட்ட பஞ்சாலை நிலங்களையும், சென்னையிலிருந்து கண்ணகி நகருக்குப் பெயர்க்கப்பட்ட குடிசைவாழ் மக்களையுமே சான்று காட்டுவர். திருவனந்தபுரம் அவ்வாய்வுகளில் அருகியே இடம்பெறுகிறது. கோயிலும் அலுவலகமும் கல்லூரியும் சூழ்ந்த அமைதியான தலைநகர் என்று அந்நகரைப் பற்றி நிலவும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். எனினும் 2019க்கும் 2022க்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளில் அதன் விமான நிலையமும் துறைமுகமும் நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் தெருவிலும் ஒருசேர வழக்குப் பொருளாயின.

சந்தை வந்தால் பழைய உரிமைகள் அழியும் என்பது பொதுவாகக் கூறப்படும் கருத்து. திருவனந்தபுரத்து வரலாற்றைக் கூர்ந்து நோக்கின் அது முழுமையாகப் பொருந்துவதாகத் தெரியவில்லை. அங்குச் சந்தை உரிமைகளைத் தரம் பிரிக்கிறது. எழுத்தில் பதிவு பெற்ற உரிமை விலையாக மாறுகிறது. தலைமுறைகளின் பயன்பாட்டால் மட்டும் நிலைபெற்ற உரிமை 'ஆக்கிரமிப்பு' என்னும் பெயர் பெறுகிறது. முன்னதைப் பட்டயம் என்றும் பின்னதைப் புழக்கம் என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. பட்டயம் என்னும் சொல் தமிழில் செப்பேட்டையும், கேரள வருவாய்த்துறை வழக்கில் நிலவுரிமை ஆவணத்தையும் ஒருங்கே சுட்டுவது இதற்கு வாய்ப்பாக உள்ளது.

செப்பேடும் விளம்பரமும்

தென்திருவிதாங்கூர்ப் பகுதியின் நில ஆவணங்களில் பழமையானவற்றுள் ஒன்று, ஆய் மன்னன் கருநந்தடக்கனின் பார்த்திவசேகரபுரச் செப்பேடு. கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்த இத்தமிழ் ஆவணம் திருவனந்தபுரத்து அரசு அலுவலகத்தில் பேணப்பட்டமையால் 'ஹுசூர் அலுவலகச் செப்பேடு' என வழங்கலாயிற்று. பார்த்திவசேகரபுரத்தில் கோயில் எடுக்கவும், காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டு 95 மாணாக்கர்க்கான சாலை ஒன்றை நிறுவவும் மன்னன் விழைகிறான். அதற்கு வேண்டிய நிலம் முஞ்சிறைச் சபையாருடையது. மன்னன் அதனைப் பறித்துக் கொள்ளவில்லை. வேறு நிலத்தை ஈடாகக் கொடுத்து மாற்றிக் கொள்கிறான். சமயமும் கல்வியும் பற்றிய செய்திகளுக்காகவே இச்செப்பேடு பெரிதும் பேசப்பட்டு வருகிறது. பொதுத் தேவை ஒன்றிற்காக அரசு நிலம் பெற்ற முறைக்கு எழுத்துச் சான்று என்ற வகையிலும் அதனை நோக்க இடமுண்டு. ஈடு பெற்றவர்கள் சபையார் என்பதையும் உடன் கருதவேண்டும். அந்நிலத்தை உழுதவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைச் செப்பேட்டைக் கொண்டு அறிய இயலாது.

1750இல் மார்த்தாண்ட வர்மா தம் நாட்டைப் பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்த 'திருப்படி தானம்' நிலத்திற்குத் தெய்வ உடைமை என்னும் மற்றொரு தகுதியை அளித்தது. எனினும் இன்றைய நிலச் சந்தையின் வேரைத் தேடுவோர் 1865ஆம் ஆண்டின் பண்டாரப் பாட்ட விளம்பரத்திற்கே செல்லவேண்டும். ஆயில்யம் திருநாள் ஆட்சியில், மாதவ ராவ் திவானாக இருந்த காலத்தில் வெளியான இவ்விளம்பரம், அரசு நிலங்களைப் பாட்டத்திற்குப் பயிரிட்டவர்களுக்கு அவற்றின் மீது முழு உரிமை வழங்கியது. விற்கலாம், ஒற்றி வைக்கலாம், வழிவழியாக ஆளலாம். திருவிதாங்கூரில் நிலம் கைமாறும் பண்டமாக ஆனதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. 1925இன் நாயர் ஒழுங்குமுறைச் சட்டம் தறவாட்டுச் சொத்தைப் பங்கிடும் வழியைத் திறந்தபின் பெரும் வளாகங்கள் சிறு மனைகளாக உடைந்தன. வளைகுடா நாடுகளிலிருந்து பணம் வரத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்னரே, வாங்குவதற்குரிய மனைகள் இவ்வாறு உருவாகியிருந்தன. கேரள நில விலையேற்றத்தை வளைகுடாப் பணத்தை மட்டும் கொண்டு விளக்க முயலும் கட்டுரைகள் இப்பின்புலத்தைக் கடந்து சென்று விடுகின்றன.

1970 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத் திருத்தம் குடிகிடப்புக்காரர்களுக்கு மாநகரில் 3 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், ஊராட்சியில் 10 சென்ட் வரை பெறும் உரிமையை அளித்தது. புழக்கத்தைப் பட்டயமாக மாற்றிய அரிய சட்டம் இது. பிறர் நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்தவர் அக்குடிசை மண்ணுக்கு உரியவரானார். அதே வேளையில், பிறர் நிலம் என ஒன்று இருந்தால்தான் குடிகிடப்பு என ஒன்று இருக்கும். கடற்புறம்போக்கில் வீடு கட்டியிருந்த மீனவர்க்கு நிலக்கிழார் எவருமில்லை. ஆதலின் விடுதலை பெறுவதற்குரிய அடிமைத்தளையும் அவர்களுக்குச் சட்டத்தின் கண்ணில் இல்லாமற் போயிற்று.

'புறம்போக்கு' என்னும் சொல்லின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. வரி விதிப்புக்குப் புறம்பானது, ஊர்ப் பொதுவானது என்பதே அதன் வருவாய்த்துறைப் பொருள். மேய்ச்சல் நிலமும் நீர்நிலையும் கடற்கரையும் சுடுகாடும் அதனுள் அடங்கும். பேச்சு வழக்கில் அது பயனற்ற மனிதனைக் குறிக்கும் வசைச் சொல்லாகி விட்டது. வரி தராத நிலத்தைப் பயனற்ற நிலமாகக் காணும் பார்வை மொழிக்குள்ளும் இறங்கியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சாலைத் தெரு

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் உருவாக்கியது சாலைக் கடைத்தெரு. கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் இத்தெருவும், சபாபதி கோவில் தெரு, கொத்துவால் தெரு போன்ற அதன் கிளைகளும் தமிழ் வணிகரின் குடியிருப்புகளாகவும் விளங்கின. நாஞ்சில் நாட்டு நெல்லும் தோவாளைப் பூவும் நெல்லைச் சீமைச் சரக்குகளும் வந்திறங்கிய இடம் இது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது இச்சந்தையின் பின்னிலம் எல்லைக்கு அப்பால் சென்றது. தெரு அப்படியே நின்றது. அத்தெருவின் மொழியான தமிழ், ஆட்சி மொழி அல்லாத மொழியாயிற்று.

இத்தெருவின் புழக்க வரலாற்றை அறிய வருவாய்ப் பதிவேடுகளைவிட ஆ. மாதவனின் கதைகள் மிகுதியாகத் துணைபுரிகின்றன. 1934இல் பிறந்து 2021இல் மறைந்த மாதவன் சாலைத் தெருவில் கடை நடத்தியவர். சுமை தூக்குவோர், நடைபாதையில் உறங்குவோர், சிறு திருடர், கைவண்டி இழுப்போர் என அவர் கதைமாந்தர் அனைவரும் அத்தெருவில் வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கேனும் அங்கு அடி நிலம் சொந்தமில்லை என்றே கூறலாம். பட்டயமில்லா நகரத்தை எழுதியவர் எனும் சிறப்பு அவருக்கு உரியது. நீல. பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' (1970) கோட்டைக்குள்ளும் அதன் சுற்றிலுமான நகரைக் காட்டுகிறது. அங்கு வீடும் தெருவும் கோயிலும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இவ்விரு படைப்பாளரையும் ஒருசேரப் படிக்கும்போது கோட்டைக்கு உள்ளே பரம்பரை, வெளியே புழக்கம் என்ற இருமை தெளிவாகும். மாதவனின் 'புனலும் மணலும்' (1974) ஆற்றுமணல் அள்ளும் தொழிலாளரைப் பற்றியது. நகரத்துக் கட்டடங்கள் எதனால் ஆனவை என்ற கேள்வியை இந்நாவல் நேரடியாக எழுப்பவில்லை. இன்று அதனைப் படிப்போர்க்கு அக்கேள்வி எழாமல் இருப்பதில்லை.

2017இல் திருவனந்தபுரம் பொலிவுறு நகரத் திட்டத்திற்குத் தேர்வு பெற்றபின் சாலைத் தெருவை மரபுத் தெருவாகச் சீரமைக்கும் எண்ணங்கள் வலுப்பெற்றன. ஆக்குளம் அருகே 2021 டிசம்பரில் லுலு வணிக வளாகம் திறக்கப்பட்டது. வணிகம் பெரும் வளாகங்களை நோக்கி நகரும்போது பழைய கடைத்தெருவுக்கு 'மரபு' என்னும் பட்டம் கிடைப்பது பல நாடுகளிலும் காணப்படும் நிகழ்வே. மரபு என்று கட்டட முகப்பு பாதுகாக்கப்படும். சுமை தூக்குபவர் பகலில் சாய்ந்து இளைப்பாறும் திண்ணை அதில் சேருமா என்பது ஐயத்திற்குரியது. தலைமைச் செயலகத்திற்கு மிக அருகிலுள்ள செங்கல்சூளைக் குடியிருப்பும் (இன்றைய ராஜாஜி நகர்) இதே நிலையில் உள்ளது. 1869இல் நிறைவுற்ற தலைமைச் செயலகக் கட்டடத்துக்குச் செங்கல் சுட்ட இடம் அது என்பது வழிவழிச் செய்தி. பெயர் தமிழருக்கு விளக்கம் வேண்டாதது. அரண்மனை போன்ற அக்கட்டடத்திற்குக் கல் சுட்ட மண்ணின் மீது வாழ்வோர் இன்று 'மறுமேம்பாட்டுக்கு உரியோர்' என்னும் வகைப்பாட்டில் இடம்பெறுகின்றனர்.

வேலிக்கு அப்பால்

கேரளப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறை அமைந்துள்ள காரியவட்டம் வளாகத்தின் அண்டையில்தான் டெக்னோபார்க் உள்ளது. 1990இல் தொடங்கப்பெற்ற இத்தொழில்நுட்பப் பூங்காவுக்கு வைத்தியன்குன்றில் ஏறத்தாழ 50 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. அந்நிலம் முன்னர்ப் பல்கலைக்கழகத்திற்கு உரியதாக இருந்தது. 1995இல் பிரதமர் நரசிம்ம ராவ் அதனை நாட்டிற்கு அர்ப்பணித்தார். கல்வி நிலம் மென்பொருள் நிலமானதை ஒட்டிக் கழக்கூட்டம் முதல் ஆக்குளம் வரை அடுக்குமாடிகள் எழுந்தன. இங்குப் பெரும் போராட்டம் எதுவும் நிகழவில்லை. நிலம் ஏற்கெனவே ஒரு பொது நிறுவனத்தின் பட்டயத்தில் இருந்தது, கைமாறியது ஏட்டில். சுற்றுப்புறத்தில் பட்டயமுடையோர் விலையேற்றத்தால் பயன்பெற்றனர். வாடகைக்கு இருந்தோர் தொலைவுக்குச் சென்றனர். பூசல் எழாத இடம் என்பதனாலேயே அங்கு இழப்பும் எழவில்லை எனக் கொள்ளல் ஆகாது.

கடற்கரை

பட்டயத்திற்கும் புழக்கத்திற்குமான மோதல் வெளிப்படையாக நிகழ்வது கடற்கரையில். பூந்துறை, செறியதுறை, வலியதுறை, பள்ளித்துறை என நீளும் ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நிற்கும் 'துறை' படகு அணையும் இடத்தைக் குறிக்கும் பழஞ்சொல். மக்கள் அக்கரையைப் பயன்படுத்தி வந்ததற்குப் பெயர்களே ஆவணம்.

இக்கரையில் முதலில் வந்தது அரசு. 1960களின் தொடக்கத்தில் தும்பாவில் ஏவுதளம் அமைக்க முடிவானபோது மீனவக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. புனித மரிய மகதலேனா தேவாலயம் ஆய்வுக்கூடமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று முதல் ஏவூர்தி பாய்ந்தது. மக்கள் தம் ஆலயத்தையே விட்டுக்கொடுத்த நிகழ்வாக இது நாட்டு வரலாற்றில் பெருமையுடன் கூறப்படுகிறது, அப்பெருமை உண்மையானதே. ஆனால் அதற்கு அறுபதாண்டுகளுக்குப் பின் அக்கரையின் மக்கள் தெருவிற்கு வந்தபோது, முன்பு கொடுத்தவர்கள் என்ற நினைவு அவர்களுக்குச் சான்றாகப் பயன்படவில்லை.

அடுத்தது விமான நிலையம். 1930களில் சங்குமுகம் கடற்கரையையொட்டி உருவான இந்நிலையத்தை 50 ஆண்டுக் குத்தகைக்கு விடுவதற்கான ஏலம் 2019இல் நடைபெற்றது. ஒரு பயணிக்கு 168 ரூபாய் எனக் கேட்ட அதானி குழுமம் வென்றது. கேரள அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம் கேட்டது 135 ரூபாய். இரு தொகைகளுக்கும் இடைவெளி 10 விழுக்காட்டுக்குள் இருந்திருப்பின் மாநிலத்திற்கு முன்னுரிமை கிடைத்திருக்கும், இடைவெளியோ 19.64 விழுக்காடு. மாநில அரசின் வழக்கை உயர்நீதிமன்றம் 2020இல் தள்ளுபடி செய்தது. 2021 அக்டோபரில் நிலையம் கைமாறியது. சென்ட் கணக்கில் மதிப்பிடப்பட்ட மண் இங்குப் பயணித் தலைக்கணக்கில் மதிப்பிடப்பட்டது என்பது உலகமயமாதலின் தெளிந்த அடையாளம். மண்ணின் பரப்பைவிட அதன் மீது கடந்து செல்வோரின் எண்ணிக்கையே விலையாகிறது.

ஆயினும் இதே ஓடுபாதையில் ஆண்டுக்கு இருமுறை, ஐப்பசியிலும் பங்குனியிலும், விமானங்கள் நிற்கின்றன. பத்மநாப சுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம் கடற்கரைக்குச் செல்லும் பழைய வழியை ஓடுபாதை குறுக்கிடுவதால், சில மணி நேரம் நிலையம் மூடப்படுகிறது. விமானிகளுக்கு முன்னறிவிப்பு வழங்கப்படுகிறது. யானையும் வாளேந்திய அரச குடும்பத்தினரும் ஓடுபாதையைக் கடக்கின்றனர். தனியார் குத்தகைக்குப் பின்னும் இவ்வழக்கம் தொடர்கிறது. இதனைக் கேலிக்குரியதாகக் காண வேண்டியதில்லை. ஒரு பண்டைய நடைவழி உரிமை, உலக வணிகத்தின் மிக விலையுயர்ந்த தரையின் மீதும் நிலைக்க முடியும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. அவ்வாறு நிலைத்தமைக்கு அதன் பின்னால் மன்னரும் கோயிலும் எழுதிவைத்த மரபும் இருந்ததே காரணம் எனல் தகும். அதே கரையில் வலை உலர்த்தியவர்களின் வழிகளும் அவ்வூர்வலத்தை ஒத்த பழமை உடையவையாக இருக்கலாம். அவற்றுக்கு முன்னறிவிப்பு எதுவும் வழங்கப்படவில்லை.

கோவளத்தையும் இங்கு ஒரு சொல்லால் சுட்டலாம். அரசுத் துறை விடுதியாக இருந்த கோவளம் அசோக் 2002இல் தனியாருக்கு விற்கப்பட்டது. அதனுள் அடங்கிய அரண்மனை யாருக்கு உரியது என்னும் வழக்கு, உரிமையாளர் மாறிய போதெல்லாம் உடன் மாறி ஆண்டுக் கணக்கில் நடந்தது. பட்டயங்களுக்கு இடையிலான பூசல் நீதிமன்றத்தில் நடக்கும். அதற்குப் பொறுமையும் பணமும் போதும்.

விழிஞம்

விழிஞம் பாண்டியர் செப்பேடுகளிலும் சோழர் கல்வெட்டுகளிலும் பேசப்படும் பழந்துறை. அதற்குச் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, 1893இல் தடை செய்யப்பட்ட பொதுச் சாலையில் வில்வண்டி ஏறிச் சென்றார். அன்றைய கேள்வி, இவ்வழியில் யார் நடக்கலாம் என்பது. 2015 ஆகஸ்டு 17 அன்று கேரள அரசு அதானி குழுமத்துடன் விழிஞம் துறைமுகத்திற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது கேள்வி, இக்கரை யாருடையது என்பதாக மாறிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் கட்டுமானம் தொடங்கியது. அலைதடுப்புச் சுவருக்குரிய கற்களில் ஒரு பகுதி கன்னியாகுமரி மாவட்டத்துக் குன்றுகளிலிருந்து சென்றது. தமிழகத்து மலை கேரளக் கடலில் இறங்கியது என்று அக்கரை மக்கள் கூறுவதில் மிகையில்லை.

இதற்கிடையே வலியதுறை, சங்குமுகம் பகுதிகளில் கடலரிப்பால் வீடிழந்தோர் சிமெண்டுக் கிடங்கிலும் பள்ளிக் கட்டடங்களிலும் ஆண்டுக்கணக்கில் தங்க வேண்டியதாயிற்று. அரிப்பின் காரணம் துறைமுகமே என மீனவர் கூறினர். புயலும் பருவநிலை மாற்றமுமே காரணம் என அரசும் நிறுவனமும் கூறின. இவ்வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. கருதவேண்டியது சட்டத்தின் அமைப்பு. 2014 சனவரி முதல் நடைமுறையிலுள்ள நிலமெடுப்புச் சட்டம், நிலமில்லாவிடினும் நீர்நிலையை நம்பி வாழும் மீனவர் குடும்பத்தைப் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. புழக்கத்திற்குப் பட்டயத் தகுதி தந்த முன்னேற்றம் இது. ஆனால் நிலம் கையகப்படுத்தப்பட்டால்தான் அச்சட்டம் செயற்படும். கடல் கொண்ட வீட்டை எவரும் கையகப்படுத்தவில்லை. எனவே ஈடு கோர முகவரியும் இல்லை. இருப்பது நிவாரணம் மட்டும். முஞ்சிறைச் சபையார் பெற்றதைப் போன்ற மாற்று நிலத்தைக் கேட்பதற்குக்கூட, முன்னர் அந்நிலம் தம்முடையதாக இருந்தது என அவர்கள் காட்டவேண்டும்.

2022 சூலையில் இலத்தீன் கத்தோலிக்க உயர் மறைமாவட்டத் தலைமையில் தொடங்கிய போராட்டம் ஆகஸ்டு 16 முதல் துறைமுக வாயில் முற்றுகையாயிற்று. கட்டுமானத்தை நிறுத்திக் கடலரிப்பை ஆராய்தல், கிடங்குகளில் உள்ளோர்க்கு மறுவாழ்வு ஆகியவை கோரிக்கைகளுள் முதன்மையானவை. துறைமுகத்தை ஆதரித்த உள்ளூர் மக்களும் எதிர்ப்பந்தல் இட்டனர். வேலையையும் வணிகத்தையும் எதிர்பார்த்தோர் அவர்கள். அவர்களது எதிர்பார்ப்பை வெறும் தூண்டுதல் எனத் தள்ளுவது நேர்மையாகாது. ஒரே ஊருக்குள் விலையேறும் மண்ணும் கரையும் மண்ணும் அருகருகே இருந்தன. நவம்பர் 27 இரவு விழிஞம் காவல் நிலையம் தாக்கப்பட்டது. டிசம்பர் 6 அன்று போராட்டம் விலக்கிக் கொள்ளப்பட்டது.

உடன்பாட்டில் இடம்பெற்ற ஒரு தொகை இக்கட்டுரையின் பொருளுக்கு நெருக்கமானது. வீடு கட்டித் தரும் வரை குடும்பம் ஒன்றுக்கு மாத வாடகை 5,500 ரூபாய். இத்தொகை போதாது என்பதே மீனவர் தரப்பின் முறையீடாக இருந்தது. விலை மதிப்பிடப்படாத கரையில் வாழ்ந்த குடும்பம், டெக்னோபார்க்கும் விமான நிலையமும் ஏற்றிய வாடகைச் சந்தையில் இத்தொகையுடன் நுழைய வேண்டும். தம் படகையும் வலையையும் கரையிலேயே விட்டுவிட்டு, தொலைவிலுள்ள வீட்டிலிருந்து விடியலுக்கு முன் வந்து கடலிறங்க வேண்டும். முட்டத்தறையில் 2018இல் 192 மீனவக் குடும்பங்களுக்கு அடுக்ககம் கட்டித்தரப்பட்டதும், கரையிலிருந்து 50 மீட்டருக்குள் வாழ்வோரைப் பெயர்த்துக் குடியமர்த்தும் 'புனர்கேகம்' திட்டத்தில் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வழங்கப்படுவதும் குறிப்பிடத்தக்கன. அத்திட்டப் பயனாளி முதன்முறையாகப் பட்டயம் பெறுகிறார். அதற்காகத் துறையிலிருந்து விலகுகிறார். பட்டயமும் புழக்கமும் ஒரே கையில் சேர்வதற்கு அங்கு வழி வைக்கப்படவில்லை.

2025 மே 2 அன்று துறைமுகம் முறைப்படி நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. வடக்கே வலியதுறையில் 1956இல் கட்டப்பட்ட பழைய கடற்பாலம் 2024இல் அலைகளால் உடைந்து பிளந்தது. கொச்சியின் வளர்ச்சியால் துறைமுகத் தகுதியை முன்னரே இழந்து விட்ட அவ்வூர் இன்றும் வலியதுறை என்றே வழங்குகிறது.